1.5 டெஸ்லா: ஸ்கான் அறைக் கதவில் ஒரு மனிதரின் பெயர்

மாரி மழை தொடங்கிய கிழமையில் சின்னம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வலக்கையை ஊன்றி விழுந்ததால் தலை தப்பியது, மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. துணிக்கட்டு போட்டு, எண்ணெய் பூசி, சில கிழமைகள் போன பிறகும் பெருவிரலடி நோவு விடவில்லை. தேங்காய் துருவ முடியாது, வாளி தூக்க முடியாது. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம் என்று வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது அதன் பிறகுதான். விசாரித்ததில் கிட்டிய இடத்தில் இருந்தது 1.5 டெஸ்லா இயந்திரம். கொழும்பில் ஓரிடத்தில் 3 டெஸ்லா. பின்னதற்குக் காசும் கூட, பயணமும் கூட. கனடாவில் இருக்கும் மகன் மூன்றுதான் எடுக்க வேண்டும், காசு தான் அனுப்புகிறேன் என்று வைபரில் விடாப்பிடியாக நின்றான். ஒன்றரையைவிட மூன்று பெரிது என்பதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டெஸ்லா என்றதும் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு நினைவுக்கு வந்தது கார்.

கார்க் கம்பனி தொடங்கியது 2003 இல். அதற்கு 43 வருடங்களுக்கு முன்பே, 1960 இல், உலக அளவைகள் மாநாடு காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. நீளத்துக்கு மீற்றர், வெப்பநிலைக்கு கெல்வின், காந்தப்புலத்துக்கு டெஸ்லா. திசைகாட்டி ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் யாழ்ப்பாணத்தில் ஒரு டெஸ்லாவின் இலட்சத்தில் ஏறத்தாழ நான்கு பங்குதான். ஒன்றரை டெஸ்லா இயந்திரம் அதைப்போலக் கிட்டத்தட்ட 37,000 மடங்கு. மூன்று டெஸ்லா அதன் இரட்டிப்பு. அறைக்கு வெளியே தாலிக்கொடி, திறப்பு, கைபேசி எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வது சும்மா இல்லை.

அந்தப் பெயருக்குரியவரைப் பற்றி இணையத்தில் தமிழில் தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி காணொளிகள். எடிசன் ஏமாற்றிய மேதை, இலவச மின்சாரம் தரவிருந்தவர், அரசாங்கம் மறைத்த இரகசியங்களின் சொந்தக்காரர். ஊடகம் படித்தவள் என்ற முறையில் அந்தக் கதைகள் எப்படிப் பரவுகின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த வாழ்க்கை போதுமான அளவு விசித்திரமானதுதான்.

நிக்கொலா டெஸ்லா 1856 ஜூலை 10 அன்று, அன்றைய ஒஸ்ரியப் பேரரசின் எல்லைப்புறத்தில் ஸ்மிலியான் என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அந்தக் கிராமம் குரோஷியாவில் இருக்கிறது. குடும்பம் சேர்பிய இனத்தைச் சேர்ந்தது. தந்தை மிலுட்டின் கீழைத் திருச்சபையின் குருவானவர். தாய் ஜூக்காவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. ஆனால் வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தானே செய்துகொள்வார், நீண்ட சேர்பிய வீரகாவியங்களைப் பார்க்காமல் சொல்வார். தன் கண்டுபிடிப்புத் திறன் அம்மாவிடமிருந்து வந்தது என்றே டெஸ்லா கடைசிவரை எண்ணினார். தமையன் டானே கெட்டிக்காரன். அவன் குதிரை விபத்தொன்றில் இறந்தபோது நிக்கொலா சிறுவன். பெற்றோரின் கண்ணில் தான் ஒருபோதும் அண்ணனுக்கு ஈடாகவில்லை என்ற எண்ணம் அவரை நெடுநாள் வாட்டியது.

தகப்பன் மகனையும் குருவாக்க விரும்பினார். 1873 இல் மகனை வாந்திபேதி பிடித்தது. ஒன்பது மாதம் படுக்கை. பிழைப்பானா என்றே தெரியாத ஒரு கட்டத்தில், எழுந்தால் பொறியியல் படிக்க அனுப்புகிறேன் என்று தகப்பன் வாக்குக் கொடுத்தார். மகன் எழுந்தார்.

1875 இல் ஒஸ்ரியாவின் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ஒருவர் வகுப்பில் ஒரு மின்னியந்திரத்தை ஓட்டிக் காட்டினார். நேரோட்டத்தில் ஓடும் அந்த இயந்திரத்தில் சுழலும் பகுதியைத் தூரிகைகள் உரசிக்கொண்டே இருக்கும், உரசும் இடத்தில் தீப்பொறி பறக்கும். இந்தத் தூரிகையே இல்லாமல் செய்யலாமே என்று டெஸ்லா கேட்டார். அது நடவாத காரியம் என்று பேராசிரியர் ஒரு முழு விரிவுரையே நடத்தி மாணவனின் வாயை அடைத்தார். டெஸ்லாவின் மனதில் அந்தப் பொறி அணையவில்லை. படிப்பு அணைந்தது. சீட்டாட்டத்தில் காசை விட்டார், புலமைப்பரிசிலை இழந்தார், பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். 1879 இல் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்.

விடை கிடைத்தது 1882 இல். அப்போது அவர் புடாபெஸ்ட் நகரில் தொலைபேசி நிலையமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு மாலை, நண்பருடன் பூங்காவில் நடந்துகொண்டு கேத்தேயின் கவிதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போகையில் இயந்திரம் முழுதாக மனக்கண்ணில் வந்து நின்றது என்றும், மண்ணில் தடியால் படம் கீறி நண்பருக்குக் காட்டினார் என்றும் பின்னாளில் அவரே எழுதினார்.

மண்ணில் அவர் கீறியதை எளிதாக இப்படிச் சொல்லலாம். ஒரு வட்டத்தில் நால்வர் நிற்கிறார்கள். நடுவில் இருப்பதைக் கயிற்றால் ஒருவர் தன் பக்கம் இழுக்கிறார். அவர் தளர்த்தும்போது அடுத்தவர் இழுக்கிறார், பிறகு அதற்கடுத்தவர். முறை தவறாமல் இழுத்தால் யாரும் இடம் விட்டு அசையாமலே நடுவில் இருப்பது சுழலும். ஆட்களுக்குப் பதிலாகக் கம்பிச் சுருள்கள், கயிற்றுக்குப் பதிலாகக் காந்தப்புலம். சுருள்களுக்குத் திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டத்தைக் கொடுத்து, ஒன்றின் ஓட்டத்தை மற்றதைவிடக் கொஞ்சம் பிந்த வைத்தால் காந்தப்புலமே சுழலத் தொடங்கும். நடுவில் இருக்கும் உலோக உருளையைத் தொடாமலே அது இழுத்துச் சுழற்றும். தூரிகை வேண்டாம், பொறி பறக்காது.

நம் கிணற்றடிகளில் இருக்கும் மின் மோட்டர் இதுதான். செம்மண் தோட்டத்துக்கு வெங்காயத்துக்கு இறைப்பதும் இதுதான். மறுபக்கமாகப் பார்த்தால் சைக்கிள் டைனமோவும் இதன் உறவுதான்: சுருளுக்கு நடுவே காந்தத்தைச் சுழற்றினால் சுருளில் ஆடலோட்டம் பிறக்கும். 1990 இல் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டுக்கு லக்சபான மின்சாரம் வரவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சின்னம்மா அவர்களில் ஒருவர். சுற்றுவதை நிறுத்தினால் செய்தி நின்றுவிடும் என்பதால் ஆள் மாறி ஆள் சுற்றுவார்களாம்.

டெஸ்லாவின் மோட்டரை ஐரோப்பாவில் யாரும் வாங்கவில்லை. 1884 ஜூனில் நியூயோர்க் வந்து எடிசனின் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆறு மாதமளவில் விலகினார். இயந்திரங்களைத் திருத்தித் தந்தால் 50,000 டொலர் தருவதாக எடிசன் சொல்லி, பிறகு பகிடி என்று கைவிரித்தார் என்ற கதை எல்லாக் காணொளிகளிலும் வரும். டெஸ்லா தன் நினைவுக் குறிப்புகளில் அந்த வாக்கை ஒரு மேலாளரின் பேரில்தான் எழுதியிருக்கிறார். எடிசனுக்கும் அவருக்கும் இடையே உண்மையான பகை பின்னால், வியாபாரத்தில்தான் வந்தது. எடிசனின் பணம் நேரோட்டத்தில் போடப்பட்டிருந்தது.

அடுத்துத் தொடங்கிய விளக்குக் கம்பனியிலிருந்து முதலீட்டாளர்கள் அவரை வெளியே தள்ளினார்கள். 1886-87 குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு டொலர் கூலிக்கு நியூயோர்க் தெருக்களில் கான் வெட்டினார். சுழலும் காந்தப்புலத்தின் முழு வரைபடம் தலைக்குள் இருக்க, கையில் மண்வெட்டி. புலம்பெயர்ந்து போய்ப் படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை செய்யும் எத்தனையோ பேரை நாம் அறிவோம். இது அப்படியான ஒரு குளிர்காலம்.

1887 இல் அவருக்கென ஓர் ஆய்வுகூடம் கிடைத்தது. 1888 மே மாதத்தில் காப்புரிமைகள் வந்தன, அதே மாதம் அமெரிக்க மின் பொறியியலாளர் சங்கத்தில் மோட்டரைப் பற்றி உரையாற்றினார். ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் உடனே காப்புரிமைகளை வாங்கினார்: காசாகவும் பங்காகவும் 60,000 டொலர், அதற்கு மேல் ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் 2.50 டொலர் உரிமத்தொகை. அதே சமயத்தில் இத்தாலியில் கலிலியோ பெராரிஸ் என்பவரும் தனியாக இதே சுழலும் புலத்தைக் கண்டிருந்தார். டெஸ்லாவின் உரைக்குச் சில கிழமைகள் முன்பே வெளியிட்டும் இருந்தார். இன்று உலகம் பாவிக்கும் த்ரீ பேஸ் மோட்டரைச் செப்பனிட்டதில் ரஷ்யரான டொலிவோ டொப்ரவோல்ஸ்கிக்குப் பெரும் பங்குண்டு. தனி ஒருவர் உலகத்துக்கு வெளிச்சம் தந்தார் என்று சொல்லும் கதைகளில் இவர்களுக்கு இடமிருப்பதில்லை.

பிறகு நடந்ததை மின்னோட்டங்களின் போர் என்பார்கள். ஆடலோட்டம் ஆளைக் கொல்லும் என்று காட்ட எதிரணியினர் மேடையில் நாய்களைக் கொன்றார்கள். 1890 இல் நியூயோர்க் மாநிலம் மின்கதிரையில் முதல் மரண தண்டனையை நிறைவேற்றியதும் ஆடலோட்டத்தைக் கொண்டுதான். ஆனால் ஆடலோட்டத்தை நிலைமாற்றி மூலம் உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றி வெகுதூரம் அனுப்பலாம், நேரோட்டத்தை அன்று அப்படி அனுப்ப முடியாது. 1893 இல் சிக்காக்கோ உலகக் கண்காட்சிக்கு வெஸ்ரிங்ஹவுஸ் ஒளியூட்டினார். 1896 நவம்பரில் நயாகரா அருவியின் மின்சாரம் பபலோ நகரத்தை எட்டியது. லக்சபானவில் விழும் தண்ணீர் நம் வீட்டு விளக்குக்கு வந்து சேர்வதும் அதே வழியில்தான்.

உரிமத்தொகை முழுதாக வந்திருந்தால் டெஸ்லா உலகப் பணக்காரர்களில் ஒருவராகியிருப்பார். வெஸ்ரிங்ஹவுஸ் கடனில் மூழ்கியபோது, நண்பனுக்காக ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார் என்று வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் எழுதினார்கள். கிழித்த காட்சி உண்மையோ இல்லையோ, தொடர்ந்து வரவேண்டிய உரிமத்தொகையை அவர் விட்டுக்கொடுத்தார். 1897 இல் நிறுவனம் 216,000 டொலர் மொத்தமாகக் கொடுத்துக் காப்புரிமைகளைத் தன்வசமாக்கியது. பெரிய தொகைதான். ஆனால் அவருடைய கனவுகளின் செலவுக்கு அது சில வருடம்கூடக் காணவில்லை.

அந்த வருடங்களில் அவருக்கு வேறு இழப்புகளும் வந்தன. 1892 இல் தாய் இறந்தார். 1895 மார்ச் 13 அன்று நியூயோர்க் ஆய்வுகூடம் எரிந்து சாம்பலானது. குறிப்புகள், கருவிகள், படத் தகடுகள் எல்லாம் போயின. எரிந்தவற்றுக்குள் காரணம் தெரியாமல் பழுதான சில படத் தகடுகளும் இருந்தன. அந்த வருடக் கடைசியில் ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரை அறிவித்தபோதுதான், தன் தகடுகளைக் கெடுத்தது எது என்று டெஸ்லாவுக்கு விளங்கியது. 1896 இல் எலும்புகளின் நிழற்படங்களை எடுத்தார், தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார், கதிர்க் குழாய்க்குக் கிட்ட நிற்காதீர்கள், தோல் புண்ணாகும் என்று எச்சரித்தார். புண்ணுக்கு ஓசோன் வாயுதான் காரணம் என்று அவர் நினைத்தது பிழை. விலகி நிற்கச் சொன்னது சரி. மனித உடலைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் வேலையில் அவர் கைவைத்தது அந்தக் கொஞ்சக் காலம் மட்டும்தான்.

அதே 1896 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அவரைச் சந்தித்தவர்களில் ஒருவர் சுவாமி விவேகானந்தர். பிராணன், ஆகாசம் என்ற வேதாந்தக் கருத்துகளில் டெஸ்லா மிகுந்த ஈடுபாடு காட்டினார். சக்தியும் பொருளும் ஒன்றே என்பதைக் கணிதத்தால் காட்ட டெஸ்லாவால் முடியும் என்று சுவாமி நம்பினார். அப்படியொரு கணிதம் டெஸ்லாவிடமிருந்து வரவில்லை. அந்தச் சந்திப்பு நடந்து ஒரு வருடம் நிறைவதற்குள், 1897 ஜனவரியில், விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார். டெஸ்லாவுக்கும் நமக்கும் இடையில் ஒரு மனிதர் தூரம்தான் இருந்திருக்கிறது.

இறங்குமுகத்தை விரிக்க வேண்டியதில்லை. 1899 இல் கொலராடோ மலையில் செயற்கை மின்னல்களை உண்டாக்கினார். கம்பியில்லாமல் உலகமெங்கும் செய்தியும் மின்சாரமும் அனுப்புவதற்காக 1901 இல் நியூயோர்க்குக்கு அப்பால் வார்டன்கிளிப் என்ற இடத்தில் கோபுரம் கட்டத் தொடங்கினார். வங்கியாளர் ஜே.பி. மோர்கன் 150,000 டொலர் கொடுத்தார். அந்த டிசம்பரில் மார்க்கோனி மிகச் செலவு குறைந்த கருவியால் அற்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பினார். மோர்கன் அதற்கு மேல் சதம் கொடுக்கவில்லை. 1917 இல், டெஸ்லா ஹோட்டலுக்குக் கட்டவேண்டிய வாடகைக் கடனுக்காகக் கோபுரம் இடிக்கப்பட்டது. அதே வருடம் மின் பொறியியலாளர் சங்கம் அவருக்குத் தன் உயர்ந்த பதக்கத்தைக் கொடுத்தது. பதக்கத்தின் பெயர் எடிசன் பதக்கம்.

காற்றில் மின்சாரம் அனுப்பும் திட்டத்தை மோர்கன் மட்டும் கொன்றார் என்று நான் நம்பவில்லை. டெஸ்லா சொன்ன முறையில் பூமி வழியாக அவ்வளவு மின்சாரத்தை வீணாகாமல் அனுப்ப முடியும் என்று பின்வந்த பௌதிகம் காட்டவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. தன் முதல் காட்சி அப்படியே பலித்ததால், மனக்கண்ணில் தெரிந்ததெல்லாம் பலிக்கும் என்று நம்பிவிட்டார்.

கல்யாணம் செய்யவில்லை. வாடகை கட்ட முடியாமல் ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். புறாக்களுக்குத் தீனி போடுவது நாளாந்தக் கடமையானது. 1934 முதல் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் மாதம் 125 டொலரும் அறை வாடகையும் கொடுத்தது. 1937 இல், 81 வயதில், நள்ளிரவுக்குப் பிறகு புறாக்களைத் தேடிப் போகையில் வாடகைக் கார் ஒன்று அவரை அடித்து வீழ்த்தியது. முதுகு சுளுக்கி, மூன்று விலா எலும்புகள் முறிந்தன என்கிறார்கள். வைத்தியரைப் பார்க்க மறுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான். எந்த எலும்பு எவ்வளவு முறிந்தது என்று கடைசிவரை யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

1943 ஜனவரி 7 அன்று நியூயோர்க்கர் ஹோட்டலின் 3327 ஆம் இலக்க அறையில் தனியே இறந்தார். அவருடைய சாம்பல் 1957 இல் பெல்கிரேட் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1946 இல், அமெரிக்காவில் பீலிக்ஸ் புளொக், எட்வர்ட் பேர்செல் ஆகியோரின் இரு குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரு விஷயத்தைக் கண்டன. வலிய காந்தப்புலத்தில் ஐதரசன் அணுக்கரு பம்பரம்போலத் தலையாட்டிக்கொண்டு சுழலும். அந்தச் சுழற்சிக்குச் சரியாக இசைந்த வானொலி அலையைக் கொடுத்தால் அது அதை வாங்கிக்கொண்டு திருப்பியும் அனுப்பும். உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஐதரசன். திரும்பி வரும் அலையிலிருந்து படம் வரையலாம் என்று 1973 இல் போல் லோட்டர்பர் காட்டினார். 1977 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தில் ஹின்ஷா, பொட்டம்லி, ஹொலண்ட் ஆகிய மூவர் உயிருள்ள மனிதரின் உள்ளே ஒரு மெல்லிய குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து வெளியிட்டார்கள். அது ஒரு மணிக்கட்டு. முழு ஆளையும் விழுங்கும் காந்தங்கள் அன்று அரிது. கிடைத்த காந்தத்துக்குள் கை நுழைந்தது.

டெஸ்லாவுக்கு இதில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் அலகுக்கு அவர் பெயர் வந்தது வெறும் மரியாதை என்றும் சொல்லிவிட முடியாது. மணிக்கட்டைச் சுற்றி வைக்கும் சுருள் குறித்த ஒரு அலைவரிசைக்கு மட்டும் இசைவாக்கப்பட்டது. அவருடைய புகழ்பெற்ற சுருளும் அந்தப் பரிவுத் தத்துவத்தில்தான் இயங்கியது. இயந்திரத்தின் பெரிய சுருள், ஒன்றுக்கொன்று கால் சுற்றுப் பிந்திய இரண்டு மின்னோட்டங்களால் ஊட்டப்பட்டு, உடலுக்குள் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. புடாபெஸ்ட் பூங்காவில் மண்ணில் கீறிய அதே படம், செக்கனுக்குக் கோடிக்கணக்கான சுற்று வேகத்தில்.

இனி ஒன்றரைக்கும் மூன்றுக்கும் வருவோம். ஒன்றரை டெஸ்லாவில் ஐதரசன் கருக்கள் இசையும் அலைவரிசை ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ். மூன்றில் 128. நாம் பாட்டுக் கேட்கும் எப்.எம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. காந்தத்துக்குள் கருக்களில் பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமும் திரும்பி ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஐந்து. மூன்று டெஸ்லாவில் பத்து. படம் வருவது அந்த மிச்சத்திலிருந்து மட்டும்தான். எனவே வலிமை இரட்டித்தால், கணக்குப்படி, இரைச்சலுக்கு மேலாக எழும் சமிக்ஞையும் இரட்டிக்கும். நடைமுறையில் அதைவிடக் குறையும்.

மணிக்கட்டில் அது எங்கே உதவும்? அங்கே எட்டுச் சிறிய எலும்புகள். அவற்றைக் கட்டி வைத்திருக்கும் நார்களில் சில ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. சுண்டுவிரல் பக்கத்தில் முக்கோண வடிவக் குருத்தெலும்பு ஒன்று. அதில் ஓரக் கிழிவு, நாரில் பாதிக் கிழிவு என்று சந்தேகம் வந்தால் மூன்று டெஸ்லா மெல்லிய வெட்டுகளில் கூடுதலாகக் காட்டக்கூடும். அல்லது அதே படத்தைக் குறைந்த நேரத்தில் தரும். நேரம் சின்ன விஷயமல்ல. சில இடங்களில் ஆளைக் குப்புறப் படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் செய்வார்கள். நோகும் கை அப்படியே இருபது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் எத்தனை டெஸ்லாவும் வீண்.

ஆனால் எக்ஸ்ரேக்குத் தப்பிய முறிவைத் தேடுவதென்றால் ஒன்றரையே தாராளம். முறிந்த எலும்பின் மச்சையில் ஊறும் நீர் பெரிய வெளிச்சமாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்லாவுக்கும் குறைந்த, கையை மட்டும் நுழைக்கும் சிறிய இயந்திரங்கள்கூடப் பயன்பட்டிருக்கின்றன. மணிக்கட்டுக்கென்றே செய்த சுருள் இருக்கிறதா, படத்தை வாசிக்கும் கதிரியல் வைத்தியர் மணிக்கட்டுப் படங்களில் பழக்கப்பட்டவரா என்பவை பல வேளைகளில் டெஸ்லா எண்ணைவிடக் கூடுதலாகத் தீர்மானிக்கும். முழங்கைச் சுருளை மாட்டி எடுத்த மூன்றைவிட, மணிக்கட்டுச் சுருளில் எடுத்த ஒன்றரை நல்லதாக இருக்க முடியும். ஸ்கானுக்குக் காசு சேர்க்கும் வீடுகளில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. எண் மட்டும் காதில் விழுகிறது.

எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. வலிமை கூடினால் உலோகத்தைச் சுற்றிப் படம் குழம்புவதும் கூடும், வானொலி அலையால் ஏறும் சூடும் கூடும். ஒன்றரையில் பாதுகாப்பென்று சான்றளித்த உள்வைப்பு மூன்றிலும் பாதுகாப்பென்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிட, சான்றிதழே இல்லாத உலோகம் எத்தனையோ பேரின் உடம்பில் இருக்கிறது. செல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு. காந்தம் இழுக்கும். கண்ணுக்குள், முள்ளந்தண்டருகே, பெரிய இரத்தக் குழாயருகே இருந்தால் உயிராபத்து. வருடக்கணக்கில் தசைக்குள் இறுகிப்போனது அநேகமாக அசையாது, ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் படம் பார்த்த வைத்தியர்.

சின்னம்மா படிவத்தில் உடலில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதப் போனார். மூக்குத்தியைக் கழற்றியாயிற்று, வேறென்ன. பேனையைப் பிடித்திருந்த எனக்குத்தான் 1995 இடப்பெயர்வு நினைவுக்கு வந்தது. இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு. எடுக்க வசதியில்லாமல் அப்படியே தைத்து விட்டது. முப்பது வருடத்தில் அவர் அதை மறந்தே போயிருந்தார்.

காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். நெல்மணியளவு வெள்ளைப் புள்ளி, தசைக்குள். கதிரியல் வைத்தியர் பார்த்துவிட்டு, இடத்தையும் அளவையும் யோசித்து, ஒன்றரையில் எடுக்கலாம், காலில் இழுப்போ சூடோ தெரிந்தால் உடனே மணியை அமத்தச் சொல்லுங்கள் என்றார். மகனுக்கு வைபரில் சொன்னோம். காலில் துண்டு இருப்பது அவனுக்கும் தெரியாது. அவன் பிறந்தது அதற்குப் பிறகு.

மணியை அமத்தத் தேவை வரவில்லை. பெருவிரலடியிலுள்ள படகு வடிவ எலும்பில் மயிரிழை வெடிப்பு. பெருவிரலையும் சேர்த்துப் பிளாஸ்டர் போட்டார்கள். கொழும்புக்குப் போகாமல் மிஞ்சிய காசை மகன் திருப்பி வாங்கவில்லை. சின்னம்மா இப்போது கிணற்று மோட்டரின் சுவிட்சை இடக்கையால் போடப் பழகிவிட்டார்.